சரக்குக்குச் சீட்டு உண்டு, சாரதிக்கு ஏது?

மாத்தளை தெருவின் பேரால் கிளர்ந்தெழுந்த ஊர். 1848ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டதையும், அங்கிருந்து திரண்டுவந்த விவசாயிகள் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்ததையும், கிளர்ச்சித் தலைவன் புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டதையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். தேசாதிபதி டொரிங்டன் பிரபு விதித்த நாய் வரியையும் துவக்கு வரியையும் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவற்றினும் கொடிய தெருச் சட்டத்தைப் பற்றி நாம் விரிவாகப் பேசுவதில்லை. உடல்வலியுள்ள ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு 6 நாள் தெரு வேலைக்குக் கூலியின்றி வரவேண்டும். வரமுடியாதவன் அதற்கீடாகப் பணம் கட்டவேண்டும் என்றது அச்சட்டம். யாருக்காகத் தெரு? கோப்பித் தோட்டத் துரைமாருக்காக. கமக்காரன் தன் வயலை விட்டுவந்து கல்லுடைத்து, துரையின் கோப்பி துறைமுகத்துக்குப் போக வழி சமைக்க வேண்டுமாம்! மாத்தளை மறுத்தது, அதற்காக இரத்தம் சிந்தியது.

கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது; தெரு மிஞ்சிற்று. அத்தெருவிலே தொடங்கிய வழக்கு 170 ஆண்டுகளுக்கு மேலாகியும் தீரவில்லை. சுமப்பவன் யார், சுமையினால் பயன்பெறுபவன் யார் என்பதே அவ்வழக்கு. தெருவை வெட்டியவனையும், அதில் நடந்து மாண்டவனையும், வண்டி கட்டியவனையும், இன்று இரவு முழுதும் கண் விழித்து லொறி ஓட்டுபவனையும் இந்நாடு ஒரே விதமாகவே நடத்தி வந்திருக்கிறது. சுமை எண்ணப்பட்டது, சுமந்தவன் எண்ணப்படவில்லை. இக்கட்டுரை சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

தெருவின் பழைய கணக்கை முதலில் பார்ப்போம். இலங்கையின் தெருக்களுக்கெல்லாம் தந்தை என்று மேஜர் தோமஸ் ஸ்கின்னரைப் போற்றுவார்கள். அவர் திறமைசாலி, ஐயமில்லை. ஆனால் அவர் வகுத்த கோட்டில் மண்ணை வெட்டியவர்களுள் பெருந்தொகையினர் தென்னிந்தியாவில் ஆள் பிடித்துச் சேர்க்கப்பட்ட 'பயனியர்' படையினர். அவர்களுள் ஒருவனின் பெயராவது நமக்குத் தெரியுமா? பின்னர் கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் வந்திறங்கிய தமிழ் மக்கள், காடு மண்டிய வடபாதையில் தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். பசியும் பேதியும் மலேரியாவும் வழியெல்லாம் அவர்களைத் தின்றன. 1840களில் மட்டும் மடிந்தவர் பல்லாயிரவர். ஏற்றுமதியான கோப்பியை அந்தர் கணக்கில் எழுதிவைத்த அதே அரசாங்கம், வழியில் விழுந்த மனிதரைச் சரியாக எண்ணி எழுதி வைக்கவில்லை.

கோப்பியைத் தவளமாட்டு முதுகிலும் மாட்டுவண்டியிலும் இறக்கினார்கள். 1867இல் கோச்சி கண்டிக்கு வந்தது. 1880இல் மாத்தளைக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. இருப்புப்பாதை முடியும் ஊர் அது. அதற்கப்பால் மேற்கொண்டு போகவேண்டியதெல்லாம் தெரு வழியாகத்தான். ஆகவே மாத்தளை இயல்பாகவே வண்டிக்காரர் ஊராயிற்று. பின்னர் லொறிக்காரர் ஊராயிற்று. இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பகுதிகளின் தேயிலை, றப்பர், கொக்கோ, மிளகு, ஏலம் எல்லாம் லொறியில் இறங்கின. தோட்டத்துக்கு வேண்டிய அரிசியும் மாவும் உரமும் லொறியில் ஏறின. நோயாளியும் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்ணும் பல தோட்டங்களில் அதே லொறியிலேயே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். கொழுந்து மூட்டை கிடந்த பலகையிலே தாய் கிடந்தாள்! மலைநாட்டில் லொறி வெறும் வாகனமன்று. லயத்துக்கும் உலகத்துக்கும் இடையே இருந்த ஒரே கதவு அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் இந்தத் தெருக்களில் ஓடிய பெட்போர்ட், ஒஸ்ரின், லேலண்ட் லொறிகளெல்லாம் பிரித்தானியாவில் செய்யப்பட்டவை. அதே காலத்தில், அதே லொறிகளை அந்நாட்டில் ஓட்டியவன் எப்படி வாழ்ந்தான் என்று சற்றே ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

அங்கேயும் சொர்க்கம் இருக்கவில்லை. கனரக லொறி மணிக்கு 20 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாதென்ற விதி 1957 வரை இருந்தது. இரவெல்லாம் ஊர்ந்து போகவேண்டும். சூடேற்றும் வசதி இல்லாத அறையில், பனி மூடிய மலைச்சாலைகளில் அவர்கள் நடுங்கிக்கொண்டே ஓட்டினார்கள். ஆனால் 1930ஆம் ஆண்டுச் சட்டம் சாரதி ஒரு நாளில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாதென்று வரையறுத்திருந்தது. ஓட்டிய நேரத்தை ஏட்டில் பதியும் முறையும் 1930களிலேயே வந்துவிட்டது. 1938இல் லொறித் தொழிலாளரின் கூலிக்கென்றே தனிச்சட்டம் பிறந்தது. 1947 ஜனவரியில் லண்டன் லொறித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, தொழிற்கட்சி அரசாங்கமே இராணுவத்தைக் கொண்டுவந்து உணவை ஏற்றியது; தொழிலாளரோ பணிந்துவிடவில்லை. அவ்வாண்டின் போக்குவரத்துச் சட்டம் நெடுந்தூர லொறிச் சேவையைத் தேசியமயமாக்கியது. 'பிரிட்டிஷ் றோட் சேர்விசஸ்' என்ற பேரில் ஊருக்கு ஊர் டிப்போக்கள் எழுந்தன. 1953இல் கன்சர்வேட்டிவ் அரசாங்கம் அவற்றை விற்கத் தொடங்கியது. எனினும் முழுவதையும் விற்றுத் தீர்க்க அதனால் முடியவில்லை.

அந்த டிப்போக்களில் உழைத்தவர்கள் முதுமையிலே தம் நினைவுகளை எழுதினார்கள். எந்த மேட்டில் எந்த லொறி மூச்சுத் திணறியது, எந்தத் தேநீர்க்கடையில் விடியற்காலையில் யார் யார் கூடினார்கள், எந்த மேற்பார்வையாளன் கொடியவன் என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். அவர்களால் எழுத முடிந்ததற்குக் காரணம் எழுத்தறிவு மட்டுமன்று. தொழிலுக்கு ஒரு முகவரி இருந்தது. வேலைக்கு ஒரு பதிவு இருந்தது. தோளோடு தோள் நின்ற ஒரு சங்கம் இருந்தது. தன் வாழ்வு வரலாற்றில் சேரத்தக்கது என்ற எண்ணம் அவற்றிலிருந்துதான் பிறக்கும்.

இனி, அதே பிரித்தானியாவின் ஆளுகையிலிருந்து 1948இல் விடுபட்ட இலங்கைக்கு வருவோம். சுதந்திரம் வந்த அந்த ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு அவர்களின் வாக்குரிமையும் பறிபோயிற்று. நாட்டின் தேயிலையைச் சுமந்து இறக்கியவன் நாட்டுக்கு உரியவனல்லன் என்று தீர்ப்பாயிற்று.

1958ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் பஸ் கம்பெனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. முற்போக்காளர் யாவரும் அதை வரவேற்றனர். வரவேற்றது முற்றிலும் சரியே. முதலாளியின் தயவில் நின்ற பஸ் சாரதியும் கொண்டக்டரும் டிப்போவுக்கு உரிய ஊழியராயினர். லண்டனில் ஓடி ஓய்ந்த இரட்டைத்தட்டு பஸ்களைக்கூட வாங்கி ஓட்டியது அச்சபை. அதே 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் வந்தது. ஆனால் லொறி? லொறி தனியார் கையிலேயே விடப்பட்டது. பயணி வாக்காளன், அவனுடைய சிரமம் பாராளுமன்றத்துக்குக் கேட்டது. மூட்டைக்கு வாக்கில்லை; மூட்டையைச் சுமந்தவர்களுள் மலையகத்தவனாய் இருந்தவனுக்கும் அன்று வாக்கில்லை! தேசியமயம் என்ற நல்ல சொல் தெருவின் பாதியில் நின்றுவிட்டது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாத்தளை நகரின் ஒரு சந்திலே வாழ்ந்து சில ஆண்டுகளுக்கு முன் மறைந்த முதிய சாரதி ஒருவரை நான் அறிவேன். 1960களின் தொடக்கத்தில் ஒரு பெட்போர்ட் லொறியில் கிளீனராக ஏறியவர். லொறி நின்றதும் சில்லுக்குக் கட்டை வைப்பதும், றேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்றுவதும், மேட்டில் எஞ்சின் சூடேறும்போது சாரதியின் வசவைக் கேட்பதுமாகத் தொழில் பழகி, பின்னர் சாரதியானார். நாற்பது ஆண்டுகள் ஓட்டினார். தேயிலைப் பெட்டி, வெங்காயம், சீமெந்து, நெல், தேங்காய் என்று அவர் ஏற்றாத பொருளில்லை. முதுகெலும்பு தேய்ந்து ஸ்ரியறிங்கைப் பிடிக்க முடியாமற் போனபோது வீட்டிலே விடப்பட்டார். சேமலாப நிதி கேட்கப் போனார். எந்த முதலாளியிடம் எத்தனை ஆண்டு வேலை செய்தீர், ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். அவர் கையில் இருந்ததெல்லாம் சாரதி அனுமதிப்பத்திரம் ஒன்றுதான். லொறி ஓட்டத் தெரியும் என்பதற்கு அது சான்று. ஓட்டினார் என்பதற்குச் சான்றன்று.

அவர் என்னிடம் சொன்னார்: "மாஸ்டர், ஏத்தின சாமானுக்கெல்லாம் பில் இருந்திச்சி. ஒரு மூட்டை கொறஞ்சாலும் என் கூலியில புடிப்பாங்க. எனக்குத்தான் பில்லே இல்ல."

இதைக் கேட்டபின் நான் படித்த பொருளாதார நூல்கள் யாவும் எனக்கு நீளமானவையாகத் தோன்றின.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்லி நழுவ முடியாது. சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8உம் முதலாளி நூற்றுக்கு 12உம் கட்டவேண்டும். நிரந்தர ஊழியனுக்கு மட்டுமன்று, தற்காலிகத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென ஒரு சம்பளச் சபையும் உண்டு. அப்படியானால் ஓட்டை எங்கே? 'இவன் என் ஊழியனல்லன். ட்ரிப்புக்கு வந்தவன்' என்ற ஒற்றை வாக்கியத்தில் இருக்கிறது. அந்த வாக்கியம் சட்டப் புத்தகம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. ட்ரிப்புக்குக் கூலி என்றால், எத்தனை ட்ரிப் அடிக்கிறானோ அத்தனை சோறு. சட்டப் புத்தகம் நேரத்தைப் பற்றி என்ன சொன்னாலும், பசி அவனை மீண்டும் ஸ்ரியறிங்கில் உட்கார்த்துகிறது. பின்னர் விடியற்காலையில் லொறி மரத்தில் மோதினால், 'சாரதி தூங்கியதால் விபத்து' என்று பத்திரிகை எழுதுகிறது. அவனைத் தூங்கவிடாதவன் யார் என்று எழுதுவதில்லை.

கண்டியிலிருந்து மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் செல்லும் அந்த ஒரே தெரு, நம் நாட்டின் துயர வரலாற்றையெல்லாம் தன் முதுகில் தாங்கியது. தெற்கே நடந்துவந்த மக்களின் சந்ததியினர், 1970களின் பஞ்சத்திலும் 1977, 1983 இனவன்செயல்களிலும் அடிபட்டு, அதே தெருவில் வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். முன்னோர் நடந்து வந்தார்கள். பேரப்பிள்ளைகள் பாயும் பானையுமாக வாகனங்களில் திரும்பினார்கள். 1983 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழர் கடைகளும் முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்டன. காடையரை ஏற்றிவந்ததும் வாகனம், தப்பியோடியவரை ஏற்றிச் சென்றதும் வாகனம் என்ற நிலை நாடெங்கும் இருந்தது. போர்க்காலத்தில் ஏ9 தெரு மூடப்பட்டது. 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடி, 2009இல் போர் முடிந்தபின் மறுபடியும் திறந்தது. சோதனைச் சாவடிகளில் மூட்டை மூட்டையாக இறக்கி, குத்திப் பார்த்து, மறுபடி ஏற்றிய கைகள் யாருடையவை? தமிழனும் சிங்களவனும் முஸ்லிமுமான சாரதிகளும் நாட்டாமைகளும் ஒரே வெயிலில் ஒரே வரிசையில் காத்துக்கிடந்தார்கள். நாட்டைத் துண்டாடிய தலைவர்கள் வரலாற்றில் அத்தியாயம் அத்தியாயமாக இடம்பெற்றார்கள். நாட்டை இணைத்துக்கொண்டிருந்தவனுக்கோ ஒரு வரிகூட இல்லை.

இன்று மாத்தளை மாவட்டத்தின் மிகப்பெரிய சரக்குக் களம் தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம். 1999இல் திறக்கப்பட்டது. நுவரெலியாவின் கோவாவும் கரட்டும் மலையிறங்கி இங்கே வருகின்றன. தம்புள்ளையின் வெங்காயமும் வடக்கின் காய்கறிகளும் இங்கே சேர்கின்றன. இங்கிருந்து நாடெங்கும் பிரிகின்றன. இரவு முழுதும் லொறிகள் வருவதும் போவதுமாக இருக்கும். நாட்டாமை மூட்டைக்கு மூட்டை கூலி வாங்குபவன். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967இலேயே, வளர்ந்த ஆண் ஒருவன் கையாற் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை எந்தச் சந்தையின் தராசுக்காவது எட்டியிருக்கிறதா?

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விடமுடியாது. சாக்குகளில் அடைத்து ஏற்றுவதால் காய்கறி நசுங்கி வீணாகிறதென்று, பிளாஸ்டிக் கூடைகளிலேயே ஏற்றவேண்டுமென 2011இல் அரசாங்கம் கட்டாயப்படுத்த முனைந்தது. தக்காளி நசுங்கக்கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். உணவு வீணாவது பாவந்தான். ஆனால் தக்காளிக்காக விதி செய்ய விரைந்த அதே ஆட்சிக்கு, அத்தக்காளியைத் தூக்குபவனின் முதுகெலும்பு நசுங்குவது ஏன் தெரியவில்லை? அதே மாவட்டத்தின் மலைப்பக்கம் போய்ப் பாருங்கள்: கொழுந்து பறிக்கும் பெண்கள் லொறியிலும் ட்ரக்டர் பெட்டியிலும் நின்றபடியே மலைக்கு மலை கொண்டுபோகப்படுவதைக் காணலாம். வாகனம் கவிழ்ந்தால் செய்தி. கவிழாத நாளெல்லாம் வழக்கம். காய்கறிக்குக் கூடை வேண்டுமென்று சொன்ன நாட்டிலே, மனுஷிக்கு இருக்கை வேண்டுமென்று சொல்ல ஆளில்லை.

2022இல் டீசல் தட்டுப்பாடு வந்தபோது லொறிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. சாரதிகள் லொறிக்கடியில் படுத்துறங்கினார்கள். எரிபொருள் வரிசைகளில் நின்றே உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். லொறி ஓடாவிட்டால் கொழும்பு பட்டினி கிடக்கும் என்ற உண்மையை அப்போதுதான் நகரத்துக் கனவான்கள் கண்டுகொண்டார்கள். டீசல் வந்தது, கண்டுகொண்டதை மறந்தார்கள்.

நம்மை மறுப்போர் சொல்லும் நியாயங்கள் இரண்டு. 'லொறிக்காரன் சுதந்திரமானவன், விரும்பினால் ஓட்டுகிறான், இல்லையேல் விடுகிறான்' என்பது ஒன்று. பட்டினியோடு ஒப்பந்தம் செய்துகொள்பவனைச் சுதந்திரமானவன் என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் துரோகம். 'செலவு கூடினால் விலை கூடும். ஏழை நுகர்வோன்தான் பாதிக்கப்படுவான்' என்பது மற்றொன்று. இது அக்கறையின் வேடம் பூண்ட வாதம். பேராதெனியாவின் மேசையில் வந்து சேரும் ஒரு கிலோ கரட்டுக்குள் இடைத்தரகனின் கழிவும், அழுகலின் நட்டமும், வட்டிக்காரனின் பங்கும் அடங்கியிருக்கின்றன. அவற்றையெல்லாம் தொடாமல், சாரதியின் தூக்கத்தையும் நாட்டாமையின் முதுகையும் மட்டும் குறைத்துத்தான் ஏழைக்கு மலிவாகக் கறி போடவேண்டுமா? ஓர் ஏழையின் எலும்பை மற்றோர் ஏழையின் குழம்பில் போடுவதற்குப் பெயர் பொருளாதாரமன்று.

நம் அணியினரையும் நான் விடப்போவதில்லை. மலையகத்தைப் பாடிய முற்போக்கு எழுத்தாளர்கள் கொழுந்துக் கூடையையும் லயத்தையும் பெரட்டையும் கங்காணியையும் எழுதினார்கள். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் கொழுந்து மடுவத்தில் நிறுத்தபின் எங்கே போயிற்று? ஸ்டோரில் தூளானபின் யார் சுமந்தார்கள்? மலையை விட்டு இறங்கும் அந்தத் தெருவில் நம் பேனாவும் சேர்ந்து இறங்கியது மிகக் குறைவு. சங்கங்களும் அப்படியே. தோட்டத்துக்குச் சங்கம் உண்டு. டிப்போவுக்குச் சங்கம் உண்டு. இரண்டுக்கும் இடையே ஓடுகின்றவன் எவருக்கும் சொந்தமில்லாதவனாக ஓடுகிறான்.

ஆகவே கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். ஒவ்வொரு லொறியிலும் ஓட்டும் நேரம் பதியப்படவேண்டும். அப்பதிவு சாரதியின் கையிலும் இருக்கவேண்டும். சந்தைகளில் சுமக்கும் ஒவ்வொரு நாட்டாமையும் பெயரெழுதிப் பதியப்பட்டு, அவனுடைய உழைப்பின் பயனைப் பெறும் வியாபாரிகள் யாவரும் சேர்ந்து அவனுக்குச் சேமலாப நிதி கட்டவேண்டும். சுமைக்கு எல்லை வேண்டும். நெடுந்தெருக்களில் சாரதி படுத்தெழ இடமும் குளிக்கத் தண்ணீரும் வேண்டும். தோட்டத் தொழிலாளியை இருக்கையில்லாத வாகனத்தில் ஏற்றுவது குற்றமாக்கப்பட்டு, அக்குற்றம் தண்டிக்கப்படவும் வேண்டும். இவற்றில் எதுவும் புரட்சியன்று. 1930களில் லண்டனில் பேசி முடித்த சங்கதிகளே இவற்றுட் பாதி.

ஆசிரியர்களும் மாணவர்களும் இன்றே செய்யக்கூடிய வேலையொன்றும் உண்டு. மாத்தளை நகரைத் தாண்டி வடக்கே சிறிது தூரத்தில், அதே தெருவோரத்தில், அலுவிகாரை இருக்கின்றது. வாய்மொழியாகவே வழங்கிவந்த பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டிலேற்றப்பட்ட இடம் அதுவென்று மரபு கூறும். போரும் பஞ்சமும் வந்து, மனனம் செய்தவர்கள் மாண்டால் சொல்லும் மாண்டுபோகும் என்று அஞ்சிய பிக்குகள் ஓலையை எடுத்தார்கள். இன்று அவ்வாசலைக் கடந்து ஒவ்வோர் இரவும் லொறிகள் போகின்றன. அவற்றை ஓட்டிய முதல் தலைமுறையினர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். எந்த ஆண்டு, எந்த லொறி, யாருடைய சரக்கு, எத்தனை மணி நேரம், என்ன கூலி என்று கேட்டு எழுதுங்கள். பழங்கதை கேட்டு மகிழ்வதற்காகவன்று. நாளை ஓர் அதிகாரி 'ஆதாரம் எங்கே?' என்று கேட்கும்போது மேசைமேல் வைப்பதற்காக.

1848இல் மாத்தளை மக்கள் பதிவேட்டை எரித்தார்கள். அவர்களைச் சுரண்டுவதற்கென்றே எழுதப்பட்ட பதிவேடு அது. இன்று நாம் எழுதவேண்டியது இன்னொரு பதிவேடு. அதன் முதல் பக்கத்தில், தன் பேரில் ஒரு சீட்டும் இன்றி மறைந்த அந்த முதிய சாரதியின் நாற்பது ஆண்டுகள் பதியப்படட்டும்.